தோப்பை விற்கப் போகிறீர்களா? மோட்டாரை நிறுத்தாதீர்கள்

ஆலங்குடிக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன தோப்பு 3 ஏக்கர் 40 சென்ட். தென்னை 112, மா 14, பலா 9, புளி 3, வேலியோரம் தேக்கு 41, பனை 11, கிணற்றடியில் ஒரு நாவல். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் விழுந்தவை போக, பிறகு வைத்த தென்னங்கன்றுகளும் இந்தக் கணக்கில் உண்டு. நானும் அக்காவும் வெளியூரில் இருக்கிறோம். தோப்பைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கும் முடியாமல் போய்விட்டது. விற்றுவிடலாம் என்று ஒரு மாசி மாதம் முடிவெடுத்தோம். பத்திரம் பதிந்தது அடுத்த வருடம் ஆனியில். நடுவில் பதினாறு மாதம்.

காலி மனையை விற்பவருக்கு அந்தப் பதினாறு மாதம் வெறும் காத்திருப்பு. தோப்பை விற்பவருக்கு அப்படி இல்லை. அதற்குள் ஒரு கோடை வந்துவிடும், ஒரு மழைக்காலம் வந்துவிடும், பத்துத் தடவையாவது தேங்காய் வெட்ட ஆள் ஏறுவார். விற்பனை வேலையும் மர வேலையும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். முதல் முறையாகத் தோப்பு விற்கப்போகிறவர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி, எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடுவதுதான் முதல் வேலை. பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையத் தளத்தில் பார்த்துவிடலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். முப்பது வருடத்துக்குப் போட்டு எடுங்கள். மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானத்தில் கிடக்கிறதா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அக்கா தங்கைகளின் கையெழுத்து இல்லாமல் விற்கலாம் என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. 'கல்யாணத்துக்குச் செய்தாயிற்று' என்பது சட்டத்தின் முன், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். 1 ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். இரண்டையும் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவின்போது பரப்பு மாறிய நிலங்கள், பக்கத்துச் சர்வே எண்ணில் ஏறிவிட்ட நிலங்கள் நிறைய உண்டு. நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், கோயில் நிலம் என்று ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கேயே நின்று வழக்கறிஞரைப் பாருங்கள். அது தெளியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

அப்புறம் சர்வேயர். பணம் கட்டி நிலத்தை அளக்கச் சொல்லுங்கள். தோப்புக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் எல்லையில் நிற்பவையெல்லாம் மரங்கள். எங்கள் தோப்பில் அளந்தபோது வடக்கு வேலியோரத் தேக்கில் 5 மரம் வாய்க்கால் புறம்போக்கில் நின்றது. அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை அவை. ஆனாலும் புறம்போக்கில் நிற்கும் மரம் அரசாங்கத்துடையது. அதன் காய்கனிகளை அனுபவிக்க மட்டும் 2சி பட்டா என்று ஒன்று கொடுக்கும் வழக்கம் உண்டு. எங்களிடம் அதுவும் இல்லை. ஆக, 41 என்று நாங்கள் சொல்லிவந்த தேக்கு 36 ஆனது. இதை நாமே முதலில் கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று. வாங்குபவர் கண்டுபிடித்திருந்தால் நாம் சொன்ன மற்ற எண்களையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

மர நோட்டு

ஒரு நீள நோட்டு, ஒரு டெய்லர் டேப், ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், கூட மரத்தைத் தெரிந்த ஓர் ஆள். இரண்டு நாளில் முடிகிற வேலை இது. முழு விற்பனையிலும் இதைவிடப் பலன் தந்த வேலை வேறு எதுவும் எனக்கு இல்லை.

ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுங்கள். பெயின்ட்டால் மட்டும் எழுதுங்கள், ஆணி அடித்துத் தகரம் மாட்டாதீர்கள். 'விற்பனைக்கு' பலகையையும் மரத்தில் அடிக்க வேண்டாம், இரண்டு கம்பு நட்டு அதில் கட்டுங்கள். நோட்டில் எண், மரம், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, தோராய வயது, காய்ப்பு, நோய் இருந்தால் அதன் குறிப்பு, எல்லைக்கு உள்ளேயா மேலேயா என்பது எல்லாம் வரட்டும். நெஞ்சு உயரம் என்பது தரையிலிருந்து நாலரை அடி. ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றால் எல்லா மரத்துக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேக்குக்கு மட்டும் கன அடிக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். மர வியாபாரிகள் நூல் பிடித்துப் போடும் கணக்கு இது: சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுக்க வேண்டும், வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 36 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளம் என்றால்: 36ஐ நான்கால் வகுத்தால் 9. ஒன்பது ஒன்பது 81. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 972. 144ஆல் வகுத்தால் 6.75 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு இதைவிட அதிகம், 8.6 வரை வரும். அறுக்கும்போது பக்கப் பலகையாகக் கழிந்துபோவதற்காக இந்தக் கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தே சொல்கிறது. அதற்கு மேலே 'பட்டை கழிவு' என்று இன்னொரு கை வைப்பார்கள். நிற்கும் மரம் மேலே போகப் போகச் சிறுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அடியில் 36 இருந்தால் நடுத்தண்டில் 30தான் இருக்கலாம். இந்தக் கணக்கு தெரிந்தவரிடம் 'மொத்தமா ஒரு தொகைக்குக் குடுத்துருங்க' என்று யாரும் அவ்வளவு எளிதில் கேட்டுவிட முடியாது.

தண்ணீர்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

விற்பது என்று முடிவெடுத்த இரண்டாவது மாதம், சித்திரையில், நீர்மூழ்கி மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோயிற்று. விற்கப்போகிற தோப்புக்கு ஏன் செலவு, வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியவர் இரண்டு தடவை போன் செய்தார். 'தம்பி, குரும்பை உதிருது' என்றார். பார்க்கலாம் என்றேன். ஆனியில் ஒரு நல்ல மழை பெய்தது. மரங்கள் பச்சையாகவே இருந்தன. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தையில், பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தோப்பைப் பார்க்க வந்தார். தென்னை வைத்துப் பழகியவர். மண்ணைப் பார்க்கவில்லை, கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. நேராக ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டி மேலிருந்து குலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். கீழே வந்ததும் நிறுத்தினார். "கீழேருந்து மூணாவது, நாலாவது குலையைப் பாருங்க தம்பி. ரெண்டு காய், மூணு காய்தான் நிக்குது. போன சித்திரை வைகாசியில தண்ணி கட்டலை, இல்லையா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த மரத்தையும் பார்த்தார். அதிலும் அப்படித்தான்.

தென்னையை அறிந்தவருக்கு இதில் அதிசயம் இல்லை. நன்றாக இருக்கும் தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும், ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை வரும். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம். ஆகவே கொண்டையில் எந்த நேரமும் ஒரு வருடத்தின் குலைகள் வரிசையாகத் தொங்கும். எந்த மாதம் தண்ணீர் இல்லையோ அந்த மாதத்துக் குலை இளைத்து நிற்கும். உரம் வைக்காததும் அதில் தெரியும், வண்டு கடித்ததும் தெரியும். மறைக்க வழியே இல்லை. அவர் கேட்டுக் குறைத்த தொகை, மோட்டார் காயில் கட்ட ஆகியிருக்கக்கூடிய செலவைப்போலப் பல மடங்கு. அதைவிட, பெரியவர் சொல்லியும் நான் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே விற்பனைக்கு என்று வைத்த நாளிலிருந்து பதிவு நாள் வரைக்கும் தண்ணீர்ச் செலவை விற்பனைச் செலவில் ஒன்றாக எழுதிவையுங்கள். மோட்டார் பழுதுக்கும், தண்ணீர் கட்டும் ஆளின் சம்பளத்துக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். சொட்டுநீர் இருந்தால் குழாய் அடைப்பை மாதம் ஒரு தடவை பாருங்கள். வட்டப்பாத்தியில் தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடாக்கு வைத்தால் பாசனம் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும்.

உரத்தை நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காய்க்கும் தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுஉரம் 50 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆறு மாத இடைவெளியில், மரத்திலிருந்து 6 அடி வட்டத்துக்குள் வைக்க வேண்டும். முழுவதும் முடியாவிட்டால் தொழுஉரத்தையும் பொட்டாஷையும் விடாதீர்கள் என்பது என் கருத்து.

மாவுக்கு மட்டும் தண்ணீர்க் கணக்கு வேறு. பூக்கும் காலத்துக்கு முன், கார்த்திகை மார்கழியில், மாமரத்துக்குத் தண்ணீர் கட்டினால் பூவுக்குப் பதில் தழைதான் கிளம்பும். பிஞ்சு பிடித்துப் பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுக்கலாம். விற்கும் அவசரத்தில் 'தோப்பு பச்சையாகத் தெரியட்டும்' என்று எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி பாய்ச்சிவிடாதீர்கள்.

அழகுபடுத்துகிறேன் என்று காயப்படுத்தாதீர்கள்

ஆள் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஜேசிபியை இறக்கித் தரையைச் சமன் செய்வது, பச்சை மட்டையை ஒட்ட வெட்டுவது, சருகைக் குவித்துத் தீ வைப்பது எல்லாம் வழக்கமாக நடப்பவை. மூன்றும் தப்பு.

தென்னையின் வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள், மேல் மண்ணிலேயே படர்ந்திருக்கிறது. ஜேசிபிப் பல் அங்கே இறங்கினால் மரம் ஆறு மாதம் கழித்து வாடும். அப்போது மரம் வேறொருவருடையதாக இருக்கலாம், ஆனால் வெட்டியது நீங்கள். பச்சை மட்டையை ஒட்ட வெட்டினால் அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். காய்ந்து தொங்கும் மட்டையையும் பன்னாடையையும் மட்டும் எடுத்தாலே மரம் சுத்தமாகிவிடும். கூன்வண்டு விழுந்த மரத்தைக் கண்டுபிடிக்கப் பெரியவர் ஒரு வழி காட்டினார்: தண்டில் துளையும் பழுப்பு நிறக் கசிவும் இருந்தால் காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டும். உள்ளே புழு கரகரவென்று கடிப்பது கேட்கும். எங்கள் 58ஆம் எண் மரத்தில் கேட்டது. அதை நோட்டில் எழுதிவைத்தோம், மருந்து வைத்ததையும் எழுதினோம், வாங்க வந்தவரிடமும் சொன்னோம்.

காண்டாமிருக வண்டுக்குக் கொண்டையைச் சுத்தம் செய்யும்போதே கம்பியால் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். இந்த வண்டு முட்டையிடுவது மட்கும் குப்பையிலும் விழுந்த தென்னந்தண்டிலும். கஜாவில் விழுந்த தண்டு இன்னும் ஓரத்தில் கிடந்தால் விற்பனைக்கு முன் அகற்றிவிடுங்கள், அது மரத்துக்கும் நல்லது பார்வைக்கும் நல்லது. மாமரத் தண்டில் துளையிலிருந்து மரத்தூள் கொட்டினால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது. புழுவைக் கம்பியால் இழுத்து எடுத்து, மருந்து நனைத்த பஞ்சை வைத்து, களிமண்ணால் பூசி அடையுங்கள்.

தீ வேண்டவே வேண்டாம். தேக்கு இலையெல்லாம் கொட்டிக் கிடக்கும் மாசி பங்குனியில் ஒரு பீடித் துண்டு போதும். வேலியை ஒட்டி ஐந்தாறு அடி அகலத்துக்குச் சருகை வாரி உள்பக்கம் தள்ளிவிடுங்கள். சாலைப் பக்கத்திலிருந்து தீ நுழையாது. வாரிய சருகு பாத்திகளுக்கு மூடாக்கு.

கிளுவை வேலி இருந்தால் அதைப் பிடுங்கிக் கம்பி வேலி போடச் செலவு செய்யாதீர்கள். இடைவெளி உள்ள இடங்களில் மழைக்கு முன் போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினால் போதும். அதேபோல் காலியிடங்களில் புரட்டாசி ஐப்பசியில் ஒரு பத்துக் கன்று வையுங்கள். விற்கப்போகிறவன் எதற்குக் கன்று வைக்கிறான் என்று கேட்டார்கள். கன்று விலை பெரிதல்ல. வைத்த கன்றைப் பார்த்ததும் வாங்க வருபவர் நம் பேச்சை வேறு விதமாகக் கேட்கிறார், இதை நேரில் பார்த்தேன்.

'மரத்தைத் தனியா வித்துரலாமே'

தரகர் முதல் நாளே சொல்வது இதுதான்: தேக்கு, பலாவை எல்லாம் வெட்டிக் காசாக்கிவிட்டு வெறும் நிலத்தை விற்கலாம். கேட்க நன்றாக இருக்கும். யோசியுங்கள்.

சட்டம் மரத்தை இரண்டாகப் பார்க்கிறது. வெட்டுவதற்காக நிற்கும் தடிமரம் அசையும் பொருள். காய்க்காக, நிழலுக்காக நிற்கும் மா, பலா, தென்னை, புளி போன்றவை நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்து. இதனால்தான் தேக்கைத் தனியே விலை பேச முடிகிறது, மாந்தோப்பை நிலத்தோடு சேர்த்துப் பேசுகிறோம்.

வெட்டுவதற்குச் சில தடைகளும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே இதை அறிவித்தார்கள். சந்தன மரம் இருந்தால் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும் நீங்களாக வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான். கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அங்கே தனியார் நிலத்து மரத்துக்கும் குழுவின் அனுமதி கேட்க வேண்டும். சமவெளியில் தேக்கை வெட்டினாலும் லாரியில் ஏற்றும் முன் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் வனத்துறையின் அனுமதியும் கேட்பார்கள். எந்த மரத்துக்கு எது வேண்டும் என்பதை உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள்.

எங்கள் தேக்குக்கு வயது 20 இருக்கும், வைரம் ஏறிக்கொண்டிருக்கும் பருவம். அதை அப்போது வெட்டுவது பாதி விளைந்த வயலை அறுப்பது போல. நாங்கள் வெட்டவில்லை. நோட்டில் கன அடி போட்டு, வளர்ந்துகொண்டிருக்கும் மரம் என்று சொல்லி, நிலத்தோடு சேர்த்து விலை பேசினோம். செத்துப்போன மரம், வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ சாயும் மரம் இரண்டை மட்டும் எடுத்தோம். கம்பி பக்கத்து மரத்தை எடுக்கும்போது மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும்.

மனைகளாகப் பிரித்துப் போட்டால் இன்னும் கிடைக்கும் என்ற பேச்சும் வரும். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது. அங்கீகாரம் வாங்கினால் சாலை போட வேண்டும், சாலை போட்டால் மரம் போகும். அது வேறு தொழில்.

யாருக்கு விற்பது, எப்போது காட்டுவது

முதலில் பக்கத்து நிலத்துக்காரரைக் கேளுங்கள். அவருக்கு உங்கள் மண்ணும் தண்ணீரும் தெரியும், பாதைத் தகராறும் இருக்காது. அடுத்து சுற்று வட்டாரத்தில் தென்னை, மா வைத்திருப்பவர்கள். நகரத்திலிருந்து ஆசையாக வருபவர்களையும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் தோப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் உங்கள் பெரியவரை அறிமுகம் செய்துவையுங்கள். தரகர் வந்தால் எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், வழக்கமாக 1 அல்லது 2.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்திருக்கலாம், விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

மழை முடிந்த மார்கழி தையில் தோப்பு அழகாக இருக்கும், அப்போது காட்டச் சொல்வார்கள். நான் கோடையிலும் ஒரு தடவை வரச் சொல்வேன். பங்குனி வெயிலில் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் எத்தனை மணி நேரம் அறாமல் வருகிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் பிறகு குறை சொல்ல மாட்டார்.

மாவையோ புளியையோ குத்தகைக்கு விட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விற்பனை நடக்கும் வருடத்தில் ஒரு பருவத்துக்கு மேல் குத்தகை எழுதாதீர்கள். பூவில் முன்பணம் கொடுத்த வியாபாரி காய்ப்பறிக்கு வரும்போது தோப்பு கைமாறியிருந்தால் சண்டை மூன்று பக்கமாகும்.

ஒப்பந்தம்

விலை பேசி முடித்ததும் கிரய ஒப்பந்தம் எழுதுங்கள், எழுதியதைப் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். முன்பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும்.

ஒப்பந்தத்தில் வழக்கமான வரிகளோடு தோப்புக்கென்று சிலவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். மர நோட்டின் நகல் இணைப்பாக இருக்கட்டும். பதிவு நாள் வரை தண்ணீர், உரம், காவல் யார் பொறுப்பு, 45 நாளுக்கு ஒரு முறை வரும் தேங்காய் வெட்டு யாருக்கு, இருதரப்பும் எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்பவை வரட்டும். புயலில் மரம் விழுந்தால் மரத்துக்கு இவ்வளவு என்று விலையில் கழிப்பதா என்பதையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை நடுவில் வருகிறது என்றால் இந்த ஒரு வரியைக் கட்டாயம் எழுத வேண்டும்.

எழுதாவிட்டாலும் பொறுப்பு நமக்குத்தான். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடையே சொத்தை ஒரு பொறுப்பான உடைமையாளர் பார்ப்பதுபோல விற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் போட்டாயிற்றே என்று மோட்டாரை நிறுத்துவது சட்டப்படியும் தவறு.

பத்திரம்

பத்திர எழுத்தர் எழுதும் 'மாவடை மரவடை உள்பட', 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' என்ற பழைய வரிகளை வாசித்துப் பாருங்கள். தரு என்றால் மரம். நிலத்தோடு மரமும் நீரும் கல்லும் சேர்ந்தே போகின்றன என்று நம் முன்னோர் ஒரே வரியில் எழுதிவைத்தது. ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிடாமல் சொத்து விவரத்தில் மர எண்ணிக்கையையும் கிணறு, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு எண், வண்டிப்பாதை உரிமை, பொதுக் கிணறு என்றால் எத்தனை நாள் முறை என்பதையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் தோப்பின் மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு முனீஸ்வரர் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை பங்காளிகள் பொங்கல் வைப்போம். அந்த அரை சென்ட்டுக்கும் அதற்குப் போகும் நடைபாதைக்கும் வழிபாட்டு உரிமை என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டோம். இதை வாய்ப்பேச்சில் விட்டால் அடுத்த தலைமுறையில் நிற்காது.

'வாங்குபவர் மரங்களை வெட்டக் கூடாது' என்று எழுதலாமா என்று நான் வழக்கறிஞரிடம் கேட்டேன். முழுக் கிரயம் கொடுத்த பிறகு அனுபவிக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது என்றார். ஆகவே மரங்களைப் பற்றிய கவலை இருந்தால் அதை ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதிகம் கொடுத்தவர் செங்கல் சூளைக்கு மண் எடுக்க வந்தவர். குறைவாகக் கொடுத்தவர் குலையை எண்ணியவர். அக்காவும் நானும் ஒரு இரவு பேசி, குலையை எண்ணியவருக்கே கொடுத்தோம்.

செலவு: அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது 2023 ஏப்ரல் முதல் உள்ள கணக்கு. வழக்கமாக வாங்குபவர் கட்டுவார். உண்மையான விலையையே எழுதுங்கள்.

வருமான வரியில் கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தில் சேராது, ஆதலால் மூலதன ஆதாய வரி இல்லை. கிராமப்புறம் என்பதற்கு அளவு உண்டு: நகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டில், அந்த ஊரின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டருக்கு அப்பால்; 10 லட்சம் வரை என்றால் 6; அதற்கும் மேல் என்றால் 8. எல்லைக்குப் பக்கத்தில் உங்கள் தோப்பு இருந்தால் ஆடிட்டரைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தோப்பில் விவசாயம் நடந்ததற்கு, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கல் சாட்சி. பசலிதோறும் (வருவாய்த் துறையின் ஆண்டுதோறும்) அடங்கலில் தென்னை, மா என்று ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பு

சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் மோட்டாரைப் போட்டு, எந்த கேட் வால்வு எந்தப் பக்கத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக நடங்கள். தேங்காய் வெட்டுபவர், உரக்கடை, மோட்டார் மெக்கானிக் ஆகியோரின் எண்களை எழுதிக் கொடுங்கள். தண்ணீர் கட்டும் ஆளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வாரா என்று கேட்டு அந்த ஆளிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் பெரியவர் அன்று கூடவே நடந்து, எந்தப் பலா அடியில் காய்க்கும், எது உச்சியில் காய்க்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாங்கியவர் அதைத் தன் கையால் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு வேலைதான். மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு உங்கள் கையெழுத்து வேண்டியிருக்கும், உடனே போட்டுக்கொடுங்கள். பட்டா அவர் பெயருக்கு மாறியதா என்று இரண்டு மாதம் கழித்து இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நாளாகும்.

நோட்டின் ஒரு நகலை நான் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் அவர் போன் செய்தார். 121ஆம் எண் மாமரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடிகிறது, முன்னால் இப்படி இருந்ததா என்று கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இருந்திருக்கிறது, தெற்குப் பக்கக் கிளையில். கெட்ட பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, 10 லிட்டர் தண்ணீரில் கரைத்த போர்டோ பசையைத் தடவினோம் என்று எழுதியிருந்தது. அதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.